சளி போயாச்சு... இருமல் மட்டும் ஏன் போகலை?

"ஜலதோஷம் ஒரே வாரத்துல போயிடுச்சு டாக்டர். இந்தப் பாழாப்போன இருமல் மட்டும் விடவே மாட்டேங்குது. ராத்திரி படுத்தாப் போதும், ஆரம்பிச்சுடுது. நானும் தூங்கறதில்லை, வீட்டுல இருக்கறவங்களும் தூங்கறதில்லை!"

அடைமழை ஓய்ந்து மார்கழிப் பனி இறங்க ஆரம்பித்ததும் இந்தப் புலம்பலைத் தினமும் கேட்கிறேன். உங்கள் வீட்டிலும் இப்போது ஒருவர் இருமிக்கொண்டிருக்கலாம்.

ஜலதோஷத்தைக் கொடுத்த வைரஸ் போய்விட்டாலும், அது புண்ணாக்கிவிட்டுப் போன தொண்டையும் மூச்சுக்குழாயும் ஆற நாளாகும். முழங்காலில் தோல் உரிந்த இடத்தில் காற்றுப் பட்டாலே எரிகிறதல்லவா? உள்ளேயும் அதே கதைதான். மிளகாய் தாளிக்கிற நெடி, ஊதுபத்திப் புகை, கொசுவத்திச் சுருள், நேராக முகத்தில் அடிக்கிற ஃபேன் காற்று... எது பட்டாலும் இருமல் கிளம்பும். மூன்று வாரம் இருக்கும். சிலருக்கு எட்டு வாரம்கூட இழுக்கும். பெரும்பாலும் இதற்கு ஆன்டிபயாடிக் மாத்திரை ஒரு உபயோகமும் செய்யாது. மருந்துக் கடையில் கேட்டு வாங்கிப் போடாதீர்கள்.

சரி, என்னதான் செய்வது? இருமல் என்றதும் நம் வீடுகளில் சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றையும் தட்டிப் போட்டுக் கொதிக்க வைத்து, 'கண்ணை மூடிட்டுக் குடி' என்று நீட்டிவிடுவார்கள். சளி கட்டியிருக்கும்போது அது அருமையான மருந்துதான். வறட்டு இருமலுக்கோ எரிகிற தொண்டையில் மேலும் சூட்டைச் சேர்த்தாற்போல ஆகிவிடும். 'கஷாயம் குடிச்சும் அதிகமாயிடுச்சே' என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "சளி வருதா, வெறும் இருமலா?" என்பதைத்தான். நீங்களும் அதைக் கவனித்துவிட்டு அப்புறம் அடுப்பைப் பற்றவையுங்கள்.

சளியே வராமல் தொண்டை கரகரத்து, பேசினாலும் சிரித்தாலும் இருமல் வந்தால் அது வறட்டு இருமல். இதற்கு அதிமதுரம் நல்லது. நாட்டு மருந்துக் கடையில் குச்சியாகக் கிடைக்கும். சின்னத் துண்டு ஒன்றை வாயில் அடக்கிக்கொண்டு சாற்றை மெதுவாக விழுங்குங்கள். பொடி என்றால் கால் டீஸ்பூன் எடுத்துத் தேனில் குழைத்து, காலையும் இரவும் சாப்பிடலாம். ஒரு வாரம் போதும். ரத்த அழுத்தம், இருதயக் கோளாறு, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் அதிமதுரத்தைத் தொடவேண்டாம். அது ரத்த அழுத்தத்தை ஏற்றிவிடும். 'நாட்டு மருந்துதானே, என்ன பண்ணிடப் போகுது' என்கிற பேச்சு எனக்குப் பிடிக்காத பேச்சு! படுக்கப் போகுமுன் பனங்கற்கண்டும் சிட்டிகை மஞ்சளும் போட்ட வெதுவெதுப்பான பால் இதமாக இருக்கும். பனங்கற்கண்டும் சர்க்கரைதான் என்பதை சர்க்கரை நோயாளிகள் மறக்கவேண்டாம்.

இருமும்போது நெஞ்சில் கொழகொழவென்று சத்தம் கேட்டு, சளியும் வருகிறதா? அப்படியானால் ஆடாதொடை. ஆடுகூடத் தொடாத கசப்பு, அதனால்தான் அந்தப் பெயர். கிராமங்களில் வேலியோரம் கேட்பாரற்று வளர்ந்து நிற்கும். ஆங்கில மருந்துக் கடையில் சளியை இளக்கித் தருகிற புரோம்ஹெக்ஸின் இருக்கிறதே, அது இந்த இலையிலுள்ள வாசிசின் என்ற பொருளை ஆதாரமாக வைத்து உருவாக்கப்பட்ட மருந்து. இரண்டு இலையைக் கழுவி நறுக்கி, ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டுக் கால் டம்ளராகச் சுண்டக் காய்ச்சி வடிகட்டுங்கள். ஆறியதும் தேன் கலந்து, பெரியவர்கள் காலை, மாலை என ஐந்து நாள் குடிக்கலாம். இது கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கும். அதனால் கர்ப்பிணிகளுக்குக் கண்டிப்பாகக் கூடாது. மதியம் தூதுவளைத் துவையலோ ரசமோ வைத்துக்கொள்ளுங்கள். முள்ளை எடுக்கிற வேலைக்குப் பயந்தே பல வீடுகளில் அந்தக் கீரை இப்போது ஏறுவதில்லை!

ராத்திரியில் மட்டும் இருமல் வருகிறவர்கள் தலையணையைக் கொஞ்சம் உயர்த்திப் பாருங்கள். மூக்கிலிருந்து பின்பக்கமாகத் தொண்டைக்கு வடிகிற சளியும், வயிற்றிலிருந்து மேலே வருகிற புளிப்பும் படுத்தால்தான் வேலையைக் காட்டும். சாப்பாட்டைப் படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்னாலேயே முடித்துவிடுங்கள். ரத்த அழுத்தத்துக்கு எனலாப்ரில், ராமிப்ரில் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அந்த மாத்திரையாலேயே வறட்டு இருமல் வரலாம். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், எழுதிக்கொடுத்த டாக்டரிடம் சொன்னால் மாற்றித் தருவார்.

இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டிவிட்டால் நான் கஷாயத்தை மட்டும் நம்பமாட்டேன். சளிப் பரிசோதனைக்கு அனுப்பிவிடுவேன். காசம் என்றாலே இருமல் என்றுதான் அர்த்தம், காசநோய்க்குப் பெயர் வந்ததே அப்படித்தான். 'எங்க பரம்பரையிலேயே யாருக்கும் கிடையாது சார்' என்று கோபித்துக்கொள்கிறவர்கள் உண்டு. அது பரம்பரை பார்த்து வருகிற நோய் இல்லையே! காற்றில் பரவுவது. அரசு ஆஸ்பத்திரியில் பரிசோதனையும் இலவசம், மருந்தும் இலவசம். பெரும்பாலும் ஆறு மாதம் ஒழுங்காகச் சாப்பிட்டால் குணமாகிவிடும். சாயங்காலக் காய்ச்சல், ராத்திரி வியர்வை, எடை குறைவு, சளியில் ரத்தம் இவற்றில் ஒன்று இருந்தாலும் இரண்டு வாரம்கூடக் காத்திருக்காதீர்கள்.

குழந்தைகள் விஷயம் தனி. 2025-ல் மத்தியப் பிரதேசத்தில், டை எத்திலீன் கிளைகால் என்ற நச்சு கலந்த இருமல் சிரப்பைக் குடித்த குழந்தைகள் சிறுநீரகம் கெட்டு இறந்துபோனார்கள். இரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இருமல், சளி மருந்து எழுதிக் கொடுக்கவே கூடாது, ஐந்து வயதுக்குக் கீழும் பொதுவாக வேண்டாம் என்று அந்த அக்டோபரிலேயே மத்திய சுகாதாரத் துறை அறிவுறுத்தியது. போன தடவை வாங்கி ஃபிரிட்ஜில் வைத்த பாட்டில் இருந்தால் இன்றைக்கே எடுத்துப் போட்டுவிடுங்கள். ஒரு வயது தாண்டிய குழந்தைக்குத் தூங்கப் போகுமுன் அரை டீஸ்பூன் தேன் கொடுக்கலாம். ஒரு வயதுக்குள் தேனை நாக்கில் தடவக்கூடக் கூடாது. அதிலிருந்து வருகிற ஒருவகை நச்சுக்கிருமியை அந்தப் பிஞ்சுக் குடல் தாங்காது. தாய்ப்பாலை அடிக்கடி கொடுங்கள். மூச்சு இழுக்கும்போது விலாப்பக்கம் குழி விழுந்தாலோ, பால் குடிக்க முடியாமல் திணறினாலோ, இருமி இருமி முகம் நீலம் பாரித்தாலோ பாட்டி வைத்தியத்தையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுங்கள், அது நடுராத்திரியாக இருந்தாலும் சரி.