வீட்டில் கட்டிய விமானமும் ரோட்டரி எஞ்சினும்: சோதனை எதைச் சோதிக்கிறது?

டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனுக்குத் தென்மேற்கே, கடலை ஒட்டி இருக்கிறது இஷொய். அங்கிருந்து மேற்கே சிறிது தூரத்தில் ரோஸ்கில்டே விமான நிலையம். சிறு விமானங்களின் போக்குவரத்து அங்கே அதிகம். வீட்டில் கட்டிய விமானமும் அவற்றில் ஒன்றாக இருக்கலாம். ஒரு விமானத்தின் கட்டுமானப் பணியில் 51 சதவீதமாவது ஆர்வலர்களே லாப நோக்கமின்றிச் செய்திருந்தால், ஐரோப்பிய ஒன்றியத்தின் 2018ஆம் ஆண்டு விமானப் பாதுகாப்புச் சட்டம் அதைத் தன் பொது விதிகளிலிருந்து விலக்கி, அந்தந்த நாட்டின் பொறுப்பில் விட்டுவிடுகிறது. தொழிற்சாலை விமானத்துக்குப் பின்னால் இருக்கும் சோதனைக் கூடங்களும் சான்றிதழ்களும் இதற்குக் கிடையாது. அதிலும் காருக்காகச் செய்த ரோட்டரி எஞ்சினைப் பொருத்தினால், அது சரியாக இயங்கும் என்பதற்குக் கட்டியவர் செய்யும் சோதனையைத் தவிர வேறு உத்தரவாதமே இல்லை. ஆகவே அந்தச் சோதனை எதைச் சோதிக்கிறது என்பதில் தெளிவு வேண்டும். எந்தச் சோதனையும் நாம் கேட்ட கேள்விக்கு மட்டுமே பதில் தரும். கேட்காமல் விட்ட கேள்வி வானத்தில் நம் எதிரே வந்து நிற்கும்.

இதற்கான சான்று டென்மார்க்கின் வரலாற்றிலேயே உண்டு. இஷொய் அமைந்திருக்கும் சீலாந்து தீவுக்குத் தெற்கே லிண்ட்ஹோல்ம் என்ற குட்டித் தீவில், 1906 செப்டம்பர் 12 அன்று யாகொப் எல்லஹாமர் தாமே கட்டிய விமானத்தில் சுமார் 42 மீட்டர் தூரம் தரையை விட்டு எழுந்தார். உருளைகள் நட்சத்திர வடிவில் அமைந்த, காற்றால் குளிரும் எஞ்சினும் அவர் கைவேலைதான். ஆனால் விமானம் நடுக்கம்பம் ஒன்றோடு கயிற்றால் பிணைக்கப்பட்டு வட்டமாகவே ஓடியது. எஞ்சினுக்கு வலு போதுமா, இறக்கை எடையைத் தூக்குமா என்ற இரண்டு கேள்விகளுக்கும் அன்று நல்ல பதில் கிடைத்தது. விமானத்தை விரும்பிய திசையில் திருப்ப முடியுமா என்ற கேள்விக்குக் கயிறு இடமே கொடுக்கவில்லை. ரைட் சகோதரர்கள் எஞ்சினைப் பொருத்துவதற்கு முன்பே கிளைடர்களை வைத்து அந்தக் கேள்வியைத்தான் முதலில் தீர்த்தார்கள். எல்லஹாமரின் திறமையில் குறையில்லை. சோதனையின் எல்லை அவ்வளவுதான்.

ரோட்டரி எஞ்சினுக்கு இந்தப் பாடம் இன்னும் கூர்மையாகப் பொருந்தும். ஃபெலிக்ஸ் வாங்கல் வடிவமைத்த இந்த வகையின் முதல் மாதிரி 1957இல் ஜெர்மனியின் என்எஸ்யு நிறுவனத்தில் ஓடியது. பின்னர் ஜப்பானின் மஸ்தா அதைக் கார்களில் பரவலாக்கியது. மேலும் கீழும் ஓடும் பிஸ்டனும் இல்லை, திறந்து மூடும் வால்வும் இல்லை. முக்கோண வடிவ ரோட்டர் ஒருமுறை சுற்றும்போது தண்டு மூன்று முறை சுற்றுகிறது. எடை குறைவு, அதிர்வு குறைவு. வீட்டில் விமானம் கட்டுவோர் இதை விரும்புவதில் வியப்பில்லை. ஆனால் எஞ்சின் தன் முழு வலுவைத் தரும் வேகத்தில் புரொப்பெல்லரைச் சுழற்றினால் அதன் நுனி ஒலியின் வேகத்தை நெருங்கிப் பயனற்றுப் போகும். எனவே இடையில் வேகக்குறைப்புப் பற்சக்கரப் பெட்டி வேண்டும். வெளியேறும் புகையின் வெப்பமும் மிக அதிகம்; சாதாரண சைலன்சர் தாங்காது. வெப்பத்தில் கணிசமான பங்கு எண்ணெய் வழியாகவே வெளியேறுவதால், தண்ணீர் ரேடியேட்டரோடு எண்ணெய்க்கும் போதுமான குளிர்விப்பான் தேவை.

ஆகவே எஞ்சினை ஓட்டிப் பார்த்தோம், நன்றாக ஓடியது என்பது பாதிப் பதில்கூட அல்ல. கார் எஞ்சின் முழு வலுவில் ஓடும் நேரம் மிகச் சொற்பம். விமான எஞ்சினோ மணிக்கணக்காக அதிக வலுவில் ஓட வேண்டும். மேலேறும் கட்டம்தான் கடினமானது: எஞ்சின் முழு வலுவில், விமானம் குறைந்த வேகத்தில், ரேடியேட்டருக்குக் காற்றும் குறைவாக. இதைக் கணிக்க எளிய கருவியே போதும். நிறம் கலந்த தண்ணீர் நிரப்பிய, யு வடிவில் வளைத்த கண்ணாடிக் குழாயின் ஒரு முனையை ரேடியேட்டரின் முன்புறத்தோடும் மறுமுனையைப் பின்புறத்தோடும் இணைத்தால், இரு மட்டங்களின் வித்தியாசம் காற்றழுத்த வித்தியாசத்தைக் காட்டும். எரிபொருளுக்கும் அப்படியே. விமானத்தை மேலேறும் கோணத்தில் மூக்குத் தூக்கி நிறுத்தி, எஞ்சின் பக்கக் குழாயைக் கழற்றி, அளவுப் பாத்திரத்தில் பிடித்து நேரம் பார்க்க வேண்டும். பம்பு வைத்த அமைப்பில் புறப்பாட்டுத் தேவையில் 125 சதவீதமும், ஈர்ப்பால் இறங்கும் அமைப்பில் 150 சதவீதமும் வர வேண்டும் என்பது அமெரிக்க விமான விதிகளில் நீண்டகாலம் இருந்த அளவு. இறக்கை முளைக்கும் முன்பே, தரையிலேயே பதில் கிடைக்கும் கேள்விகள் இவை.

சான்றிதழ் பெற்ற பிஸ்டன் எஞ்சின் கடையில் கிடைக்கும்போது இந்தப் பாடு எதற்கு என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. பறப்பது மட்டுமே நோக்கமானால் அதை வாங்குவதே புத்திசாலித்தனம். ஆனால் கற்பதற்காகக் கட்டும் உரிமை இல்லாவிட்டால் விமானவியலே பிறந்திருக்காது. இன்னொரு தரப்பு, நகரும் பாகங்கள் குறைவு, ஆகவே சோதனையும் குறைவாகவே போதும் என்கிறது. பாகங்கள் குறைவது எஞ்சினுக்குள்தான். அதைச் சுற்றி நாம் சேர்க்கும் ரேடியேட்டர், பற்சக்கரப் பெட்டி, எரிபொருள் குழாய், மின்சார வயர் எல்லாம் புதியவை, ஒவ்வொன்றும் அந்த ஒரு விமானத்துக்கென்றே செய்தவை. இதே வகை எஞ்சினில் அரசு நிறுவனங்களே எச்சரிக்கையோடுதான் நடந்தன. இந்தியாவின் நிஷாந்த் ஆளில்லா விமானத்துக்காகப் பெங்களூரின் தேசிய வான்வெளி ஆய்வகமும் அகமதுநகரின் பாதுகாப்பு வாகன ஆய்வு நிறுவனமும் சேர்ந்து உருவாக்கிய 55 குதிரைத்திறன் வாங்கல் எஞ்சின், 2009இல் கோலாரில் முதன்முறை பறந்தது. தற்காலிகச் சான்று பெற்ற பிறகே அது பறக்கவிடப்பட்டது. அந்த விமானத்தில் ஆளும் இல்லை. வீட்டில் கட்டுபவருக்கு இந்த இரண்டு பாதுகாப்புகளும் கிடையாது.

சட்டம் சொல்லும் சோதனை மணிநேரம் போதாதா என்பது மூன்றாவது கேள்வி. சான்றில்லாத எஞ்சினுக்கு 40 மணி நேரம் என்பது அமெரிக்காவின் நீண்டகால நடைமுறை. அங்கேயே தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2012இல் வெளியிட்ட ஆய்வு, வீட்டில் கட்டிய விமானங்களின் விபத்துகளில் எஞ்சின் பழுதும் கட்டுப்பாட்டை இழப்பதும் முன்னிற்கின்றன என்றும், பெரும்பங்கு விபத்துகள் விமானத்தின் தொடக்கக் காலத்திலேயே நிகழ்கின்றன என்றும் காட்டியது. ஓடுபாதையைச் சுற்றி நாற்பது மணி நேரம் வட்டமடித்தால் மணி நிறையும், பதில் நிறையாது. தன் உயிரைப் பணயம் வைக்க ஒருவருக்கு உரிமை உண்டு என்று வாதிடலாம். கீழே இஷொய் போன்ற ஊர்களின் வீடுகளில் இருப்பவர்கள் அந்தப் பணயத்துக்குச் சம்மதம் தரவில்லை. ஆகவே விமானம் கட்டுவோரிடம் கேட்பது இதுதான்: முதல் பறப்பின் தேதியை நாள்காட்டி பார்த்தோ, உறவினர் வரும் நாள் பார்த்தோ குறிக்காதீர்கள். வெப்பம், எரிபொருள், காற்றோட்டம் ஆகிய மூன்றுக்கும் அளந்த எண்கள் ஏட்டில் ஏறிய பிறகு குறியுங்கள்.