எல்லை கடந்தால் குறையும் கூலி

கேரளத்தின் பாறசாலையைத் தாண்டினால் தமிழகத்தின் களியக்காவிளை. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு தாலுகா தமிழகத்தோடு இணைந்தது. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. பேச்சும் கல்யாண உறவும் இன்றும் எல்லை பார்ப்பதில்லை. கூலி பார்க்கிறது.

இதற்கு முந்திரித் தொழிலே சாட்சி. கொல்லத்து ஆலைகளில் தொழிற்சங்கம் வலுத்து, அரசு குறைந்தபட்சக் கூலியை நிர்ணயித்த பின், முதலாளிகள் பலர் கூலி குறைந்த குமரி மாவட்டத்துக்கு ஆலைகளைக் கொண்டுவந்தார்கள். ஊர்க்காரர்கள் ‘அண்டி ஆபீஸ்’ என்று சொல்லும் இந்த ஆலைகளில் பெரும்பாலும் பெண்களே உழைக்கிறார்கள்.

வறுத்த கொட்டையைத் தல்லி உடைக்கும்போது ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் விரல் தோலை அரிக்கும். தரம் பிரிப்பவரோ பார்வையிலேயே பருப்பை அளக்கிறார். ‘டபிள்யூ 320’ என்றால் ஒரு பவுண்டுக்கு 300 முதல் 320 பருப்பு. ஏற்றுமதி விலையைத் தீர்மானிப்பது இந்தக் கண்தான். ஆனாலும் வறுக்கும் ஆணுக்கு நாள் கணக்கு, தல்லும் பெண்ணுக்குக் கிலோ கணக்கு என்பதே இந்தத் தொழிலின் நெடுநாள் வழக்கம். ஒரே தன்மையான வேலைக்கு ஒரே ஊதியம் என்றது 1976-ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டம். வேலையையே ஆண் வேலை, பெண் வேலை என்று பிரித்துவிட்டால், அந்த விதி எதை எதோடு ஒப்பிடும்?

பிரிக்காத இடத்தில் என்ன நடந்தது என்பதை, கேரளத்தில் ‘தொழிலுறப்பு’ என்று அழைத்த ஊரக வேலை உறுதித் திட்டம் காட்டியது. 2005-ஆம் ஆண்டு சட்டப்படி வந்த அந்த நூறு நாள் வேலையில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி. பணம் அவரவர் வங்கிக் கணக்கில் ஏறியது. வேலையை ஊர்ப் பக்கத்திலேயே கொடுத்தார்கள். மேற்பார்வைக்குக் குடும்பஸ்ரீ மகளிர் குழுப் பெண்கள் நின்றார்கள். பெண்களுக்குக் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு என்றது சட்டம். கேரளத்தில் பத்தில் ஏறக்குறைய ஒன்பது பங்கு வேலையைப் பெண்களே செய்தார்கள். பெண்கள் வேலைக்கு வரத் தயங்குகிறார்கள் என்ற பேச்சுக்கு இதைவிட வேறு பதில் வேண்டாம்.

அந்த நூறு நாள் வேலையிலும் எல்லை குறுக்கிட்டது. 2024-25-இல் தினக்கூலி கேரளத்தில் 346 ரூபாய், தமிழகத்தில் 319 ரூபாய்.

கூலி குறைந்த பக்கம் இருக்கும்வரை, மறுபக்கத்துப் பெண் கூலியை உயர்த்திக் கேட்கும்போதெல்லாம் ஆலை இடம் மாறும் என்ற அச்சம் இருக்கும். எனவே இரு மாநிலத் தொழிலாளர் துறைகளும் சேர்ந்து அமர்ந்து, முந்திரிக்கு ஒரே அடிப்படைக் கூலியை அறிவிக்க வேண்டும். தல்லுவதையும் தரம் பிரிப்பதையும் திறன்சார் வேலையாக அதில் எழுத வேண்டும்.