காயா, பழமா, எந்த மாதம்?

முழுகாமல் இருக்கிறவள் பப்பாளியைத் தொடக் கூடாது, எள்ளுருண்டை பக்கமே போகக் கூடாது, குமட்டினால் இஞ்சிச் சாறு குடிக்கலாம். பாட்டியும் மாமியாரும் வகுத்த இந்தச் சட்டத்தில் காயா பழமா, எவ்வளவு, எந்த மாதம் என்ற கேள்விகளுக்குப் பெரும்பாலும் இடமிருந்ததில்லை. ஒருத்திக்குக் கரு கலைந்துவிட்டால் அந்த வாரம் அவள் தின்றதெல்லாம் குற்றமாகிவிடும். முதல் மூன்று மாதங்களில் கலைகிற கருக்களில் ஏறக்குறைய பாதி குரோமோசோம் கோளாறால் கலைகிறது என்பதை அறிய அன்று வழியில்லை. எத்தனை பெண்கள் செய்யாத தப்புக்குப் பேச்சு வாங்கினார்களோ!

இங்கிலீஷ் மருந்தும் அன்று யோக்கியமாக இல்லை. 1957-இல் ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த தாலிடோமைடு, கருவுக்கு என்ன செய்யும் என்று பார்க்காமலேயே கர்ப்பிணிகளின் குமட்டலுக்கும் கொடுக்கப்பட்டது. 1961 இறுதியில் அங்கே அதை நிறுத்துவதற்குள் பல நாடுகளில் ஆயிரக்கணக்கான குழந்தைகள் கை கால் குறைபாட்டோடு பிறந்துவிட்டன. பிறகு சோதித்தபோது எலிக் குட்டிகளுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. முயல் குட்டிகளில்தான் குறை தெரிந்தது. இன்று எலியிலும் முயலிலும் சேர்த்தே கருப் பாதுகாப்பைச் சோதிப்பதற்கு இந்தப் பட்டறிவும் ஒரு காரணம்.

பாட்டியின் பப்பாளியும் சோதனைக்குப் போனது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2002-இல் அந்த முடிவுகளை வெளியிட்டார்கள். எலியின் கருப்பைத் தசையில் ஒரு துண்டை வெதுவெதுப்பான உப்புக் கரைசலில் தொங்கவிட்டு, அது சுருங்குகிறதா என்று அளப்பார்கள். கனிந்த பழச்சாறு பட்டபோது தசை அசைந்து கொடுக்கவில்லை. காயின் பால் பட்டதும் இழுத்துச் சுருங்கியது, பிரசவ வலியைக் கொண்டுவரும் ஆக்ஸிடாசின் பட்டதுபோலவே. சினை எலிகளுக்குப் பழச்சாறு கொடுத்தும் கருக்கள் குறையவில்லை. எலியில் கண்டதை அப்படியே பெண்ணுக்குப் பொருத்திவிட முடியாது. ஆனாலும் காயைப் பற்றிய பாட்டியின் பயத்துக்கு ஆதாரம் கிடைத்தது. பழம் ஏறக்குறைய பழியிலிருந்து தப்பியது.

இஞ்சியைப் பெண்களிடமே சோதித்தார்கள். 1991-இல் வெளியான டென்மார்க் ஆய்வில், கடுமையான வாந்தியால் அவதிப்பட்டவர்களுக்கு நாளைக்கு 1 கிராம் இஞ்சித்தூள் வெற்றுத்தூளைவிட நன்றாகக் கேட்டது.

இன்றைய கவலை வேறு. கொல்லையில் பறித்து நம் கண்முன்னே அரைத்த மருந்து, இன்று மாத்திரையாகவும் புட்டியாகவும் வருகிறது. 2011–12-இல் நியூயார்க் நகரில், இந்தியாவிலிருந்து வந்த ஆயுர்வேத மாத்திரைகளைச் சாப்பிட்ட 6 கர்ப்பிணிகளின் ரத்தத்தில் ஈயம் ஏறியிருந்தது. ஈயம் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்கும் போகும். செடியை மட்டும் சோதித்திருந்தால் இது பிடிபட்டிருக்காது. கடையில் விற்கிற அதே மாத்திரையைச் சோதிக்க வேண்டும். “மூலிகைதானே” என்று டாக்டரிடம் சொல்லாமல் விடாதீர்கள். லேகியமோ சூரணமோ, லேபிளோடு அடுத்த செக்கப்புக்குக் கையோடு எடுத்துப் போய்க் காட்டுங்கள்.