நிரூபிக்க வேண்டியது யார்?

2006 டிசம்பர், தோஹா. ஆசிய விளையாட்டுப் போட்டியின் பெண்கள் 800 மீட்டர் ஓட்டத்தில் புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியைச் சேர்ந்த சாந்தி சௌந்தரராஜன் வெள்ளி வென்றார். செங்கல் சூளைத் தொழிலாளர்களின் மகள். அடுத்த சில நாட்களிலேயே அவர் பாலினச் சோதனையில் ‘தேறவில்லை’ என்ற செய்தி ஊடகங்களில் கசிந்தது. பதக்கம் பறிபோனது. அவர் ஊக்கமருந்து எடுத்தவர் அல்ல. யாரையும் ஏமாற்றியவரும் அல்ல. பிறந்த உடம்போடு ஓடினார், அவ்வளவுதான். மேல்முறையீடு செய்வோம் வா என்று கைபிடித்து அழைத்துப்போக இந்திய விளையாட்டு அமைப்புகளில் ஒருவரும் இல்லை. தற்கொலைக்கு முயன்று, மீண்டு, சூளை வேலைக்கும் போய், பிறகு பயிற்சியாளராக நிமிர்ந்தது அவருடைய தனி மனவலிமை. அந்த வெள்ளி இன்றுவரை திரும்பவில்லை.

எட்டு ஆண்டுகள் கழித்து, ஒடிசாவின் நெசவாளர் வீட்டுப் பெண் டூட்டி சந்துக்கும் அதே அடி விழுந்தது. 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டிக்குச் சில நாட்களே இருந்தபோது, டெஸ்டோஸ்டிரோன் அதிகம் என்று அணியிலிருந்து நீக்கினார்கள். வயது 18. ஆனால் இம்முறை துணைக்கு ஆட்கள் இருந்தார்கள். வழக்கு சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றத்துக்குப் போனது. 2015 ஜூலையில் மன்றம் கேட்ட கேள்வி எளிமையானது: இந்த ஹார்மோன் இத்தனை பெரிய சாதகம் தருகிறது என்றால், அதற்கு அளவான ஆதாரம் எங்கே? போதிய ஆதாரம் இல்லாததால் அவரை நீக்கக் காரணமான டெஸ்டோஸ்டிரோன் விதி நிறுத்திவைக்கப்பட்டது. அதுவரை பெண்தான் தன்னைப் பெண் என்று நிரூபித்துக்கொண்டிருந்தாள். 1966இல் புடாபெஸ்டில் நடந்த ஐரோப்பியத் தடகளப் போட்டியில் மருத்துவர்கள் முன் ஆடையின்றி நின்றவர்களும் அதைத்தான் செய்தார்கள். முதன்முறையாக, நிரூபிக்கும் பொறுப்பு விதி போட்டவர்கள் தலையில் ஏறியது. என் பார்வையில் இந்த வரலாற்றின் நேர்மையான தருணம் அதுதான்.

ஆனால் அது நீடிக்கவில்லை. 2017இல் உலகத் தடகளச் சம்மேளனத்தோடு தொடர்புடைய ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். டெஸ்டோஸ்டிரோன் அதிகமுள்ள பெண்கள் முந்துவதாக அதில் காட்டப்பட்ட போட்டிகளில் சங்கிலிக் குண்டு எறிதலும் கோலூன்றித் தாண்டுதலும் இருந்தன. 2018இல் வந்த விதியிலோ அவை இரண்டும் இல்லை. கட்டுரை சுட்டிக்காட்டாத 1500 மீட்டர் உள்ளே வந்தது. 400 மீட்டர் முதல் ஒரு மைல் வரை, டெஸ்டோஸ்டிரோன் லிட்டருக்கு 5 நானோமோல் என்பது எல்லை ஆனது. தென்னாப்பிரிக்க ஓட்ட வீராங்கனை காஸ்டர் செமன்யா அதே நடுவர் மன்றத்தில் வழக்குத் தொடுத்தார். விதி பாரபட்சமானதுதான், ஆனாலும் தேவையானது என்று 2019இல் நடுவர்கள் மூவரில் இருவர் தீர்ப்பளித்தார்கள். அந்த ஆய்வு காரண காரியத்தை நிறுவவில்லை என்ற திருத்தம் 2021இல் வெளியானது. 2023இல் எல்லை 2.5 ஆகச் சுருங்கி எல்லாத் தடகளப் போட்டிகளுக்கும் விரிந்தது.

பெண்கள் பிரிவுக்கு வேலி வேண்டும் என்பவர்களை நான் புறந்தள்ளவில்லை. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஓட்டத்தில் பத்து சதவீத அளவு இடைவெளி இருக்கிறது. நான்காவதாக வந்து பதக்கம் இழந்தவளின் வருத்தமும் வருத்தமே. ஆனால் அந்த வேலியின் விலையை யார் கொடுக்கிறார்கள்? வளரும் நாடுகளைச் சேர்ந்த, 18 முதல் 21 வயதுக்குட்பட்ட நான்கு வீராங்கனைகளுக்கு, உடல்நலத்துக்குத் தேவையே இல்லாத அறுவை சிகிச்சை பிரான்சில் செய்யப்பட்டதை மருத்துவர்களே 2013இல் எழுதினார்கள். நோய் இல்லாத உடம்பில் கத்தி வைத்த பிறகுதான் ஓடலாம் என்றால், அது சிகிச்சை அல்ல, தண்டனை.

2025 செப்டம்பர் முதல், உலகத் தரவரிசைப் போட்டிகளில் பெண்கள் பிரிவில் ஓட விரும்பும் எல்லோரும் ஒருமுறை, வழக்கமாக ஒய் குரோமோசோமில் இருக்கும் எஸ்ஆர்ஒய் மரபணு உண்டா என்ற சோதனை செய்தாக வேண்டும். கன்னத்தின் உட்புறத்தில் பஞ்சுக் குச்சியால் ஒரு தடவல் போதும். யாரோ ஒருத்தியைச் சந்தேகித்துத் தனியே இழுப்பதைவிட இது மேல் என்கிறார்கள். ஆனால் 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கிலும் இதே மரபணுவைத் தேடினார்கள். எட்டுப் பேரிடம் இருந்தது, எட்டுப் பேரும் போட்டியிட அனுமதிக்கப்பட்டார்கள், 1999இல் சோதனையே கைவிடப்பட்டது. அந்த மரபணுவைக் கண்டுபிடித்த ஆண்ட்ரூ சின்க்ளேரே, ஒருவரின் பாலினத்தைத் தீர்மானிக்க அது மட்டும் போதாது என்று இப்போது எதிர்க்கிறார்.

இனி ஏதோ ஒரு விடுதியில் பயிற்சி பெறும் பதினேழு வயதுப் பெண்ணுக்கு அந்த ஆய்வக முடிவு வரும். அதை அவள் மொழியில் எடுத்துச்சொல்ல ஒரு மருத்துவர், பக்கத்தில் உட்கார ஒரு மனநல ஆலோசகர், செலவில்லாமல் வாதாட ஒரு வழக்கறிஞர், செய்தி வெளியே கசிந்தால் கசியவிட்டவர்மீது நடவடிக்கை. பஞ்சுக் குச்சியை நீட்டும் முன் இந்த நான்கையும் எழுத்தில் உறுதிசெய்யும்படி ஒவ்வொரு சம்மேளனத்தையும் நாம் கேட்க வேண்டும்.