சம்பளம் செலவா, முதலீடா?

கம்பனியின் பங்குகளை வைத்திருப்போர் பங்குதாரர்கள். ஊழியர், வாடிக்கையாளர், அயலவர், அரசு ஆகியோர் அதில் அக்கறையுடைய தரப்பினர். வணிகக் கல்விப் பாடத்தில் நாம் இவர்களை இரு பிரிவாகவே படிக்கிறோம். சப்ரகமுவத் தோட்டங்களிலோ இந்தப் பிரிவு அவ்வளவு தெளிவானதல்ல.

1972, 1975 காணிச் சீர்திருத்தங்களால் அரசுடைமையான தோட்டங்கள், 1992இல் 22 பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளின் கீழ் வந்தன. கேகாலை, பலாங்கொடை ஆகிய நம் ஊர்ப்பெயர்களிலும் கம்பனிகள் உருவாகின. நிலம் இன்றும் அரசுக்கே உரியது; கம்பனிகள் குத்தகைக்காரரே. 1995 முதல் பங்குகள் விற்கப்பட்டபோது 51 வீதம் தனியார் முதலீட்டாளர்களுக்குச் சென்றது. 10 வீதம் தோட்ட ஊழியர்களுக்கு இலவசமாக வழங்கப்பட்டது. ஆகவே கொழுந்து பறிப்பவரும் ஒரு பங்குதாரரானார்.

ஆயினும் 2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1000 ரூபா என வர்த்தமானி வெளியானதும், செலவைத் தாங்க இயலாது எனக் கம்பனிகள் நீதிமன்றம் சென்றன. அவர்கள் பக்கமும் ஒரு நியாயம் உண்டு: தேயிலையின் விலையைத் தீர்மானிப்பது கம்பனியல்ல, கொழும்பு ஏலம்.

ஆனால் சம்பளம் போதாவிட்டால் இளையோர் நகரத்துக்குப் போய்விடுவர். பறிக்க ஆளில்லாத மலை காடாகிவிடும். பிறகு பங்கிலாபம் எங்கிருந்து வரும்?

தேயிலை பல பத்தாண்டுகள் பலன் தரும் பயிர். இவ்வருட இலாபத்தை மட்டும் பார்த்தால் சம்பளம் ஒரு செலவு. அடுத்த இருபது வருடங்களையும் சேர்த்துப் பார்த்தால் அது முதலீடு. பங்குதாரருக்கும் தொழிலாளிக்கும் இடையிலான சமநிலை அங்கேதான் தொடங்குகிறது.