குக்கர் விசிலுக்குக் கூடவா பயம்?

சிவகாசிப் பக்கத்தில் "மருந்து" என்றால் ஆஸ்பத்திரி மருந்து யாருக்கும் நினைவு வராது. வெடியில் செலுத்தும் மருந்துதான் நினைவு வரும்.

அந்த மருந்து மனிதன் கையை மீறினால் என்ன ஆகும்? விருதுநகர் மாவட்டம் பலமுறை பார்த்துவிட்டது. 2012 செப்டம்பர் 5-ந் தேதி, சிவகாசி அருகே முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்துச் சுமார் 40 பேர் மாண்டார்கள். 2021 பிப்ரவரி 12-ந் தேதி, சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் மற்றொரு விபத்து. பலியானவர்கள் 20 பேருக்கு மேல்.

இறந்தவர் குடும்பத்துக்கு நிதி கிடைக்கிறது. தீக்காயம் பட்டவருக்குச் சிகிச்சை நடக்கிறது. ஒரு கீறல் கூட இல்லாமல் தப்பியவர்கள்? "தெய்வாதீனம்" என்று சொல்லி அவர்களை மறந்து விடுகிறோம்.

பயந்த கோளாறு

அப்படித் தப்பிய ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். வெடித்தது அடுத்த அறை. அவள் ஓடிப் பிழைத்தாள். அன்று முதல் குக்கர் விசில் அடித்தால் குலை நடுங்குகிறது. ஆலைப் பக்கம் போகும் பஸ்ஸில் ஏற மாட்டாள். நள்ளிரவில், கந்தக வாடை அடிப்பதாக எழுந்து உட்காருகிறாள். ஊரெல்லாம் தீபாவளி கொண்டாடும்போது கதவைச் சாத்திக் கொள்கிறாள்.

"பயந்த கோளாறு" என்று வேப்பிலை அடித்துத் திருநீறு பூசுகிறார்கள். "மற்றவர்கள் வேலைக்குப் போகவில்லையா? உனக்கு மட்டும் என்னடி?" என்ற ஏச்சு வேறு!

இந்த நோய்க்கு ஒரு பேச்சு வைத்தியம் உண்டு. டாக்டர்கள் "சி.பி.டி." என்பார்கள். எண்ணத்தையும் நடத்தையையும் சேர்த்துச் சீர்ப்படுத்தும் சிகிச்சை அது. நோய் முற்றியிருந்தால் கூடவே மாத்திரையும் கொடுப்பதுண்டு.

இதற்கு வழி வகுத்தவர்களில் முக்கியமானவர், அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்து டாக்டர் ஆரன் பெக். 1960-களில் அவர் ஒன்றைக் கவனித்தார். மனச்சோர்வு உள்ளவர்களின் மனதில், அவர்கள் அழைக்காமலே சில எண்ணங்கள் மின்னலாக வந்து போகின்றன. "நான் எதற்கும் உதவாதவன்", "எல்லாம் போச்சு" என்கிற மாதிரி. வந்த எண்ணத்தை அவர்கள் சோதித்துப் பார்ப்பதில்லை. அப்படியே நம்பி விடுகிறார்கள். சோதிக்கக் கற்றுக் கொடுத்தார் பெக். 2021-ல், 100 வயதில் அவர் காலமானார்.

பொய்ப் பயமா?

சிவகாசியில் ஒரு சிக்கல் இருக்கிறது. பல்லியைக் கண்டு நடுங்குபவரிடம் "அது ஒன்றும் செய்யாது" என்று சொல்லி விடலாம். பட்டாசு ஆலைக்குப் பயப்படுகிறவரிடம் அப்படிச் சொல்ல முடியுமா? நாலு பேர் இருக்க வேண்டிய அறையில் அதற்கு மேல் ஆட்கள். மருந்துக் கலவையில் சிறிது உராய்வு ஏற்பட்டாலும் ஆபத்து. "பயப்படாதே" என்றால் அது பச்சைப் பொய்!

நல்ல சிகிச்சையாளர் அந்தப் பொய்யைச் சொல்வதில்லை. பயத்தைப் பிரிக்கச் சொல்கிறார். நெருக்கமான அறையைக் கண்டு பயமா? சரி, அது இருக்கட்டும். குக்கருக்குள் என்ன இருக்கிறது? அரிசியும் பருப்பும். அந்தப் பயத்தைக் கழித்து விடலாம்.

பயத்தை விடக் கொடியது குற்ற உணர்ச்சி. "அன்று வர மாட்டேன் என்றவளை நான்தானே கூட்டிப் போனேன்!" இந்த ஒரு எண்ணம் ஆளையே தின்றுவிடும். சிகிச்சையாளர் வாதாட மாட்டார், கேட்பார். வெடிக்கும் என்று உனக்குத் தெரியுமா? அறையில் அத்தனை பேரை உட்கார வைத்தது யார்? இதே கதையை உன் தங்கை சொன்னால் அவளைக் கொலைகாரி என்பாயா? பதிலை அவளே சொல்ல வேண்டும். அழுதுகொண்டேதான் சொல்வாள். ஒரே நாளில் முடிகிற காரியம் அல்ல. வாரம் ஒரு முறை, சில மாதங்கள் கூட ஆகும்.

டாக்டருக்கு எங்கே போவது?

இத்தனை பேருக்கு மனநல டாக்டர்கள் ஏது? கோவாவில் ஒரு பரிசோதனை நடந்தது. டாக்டர் விக்ரம் பட்டேல் குழுவினர், மனநலப் படிப்பு இல்லாத உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். இதே குடும்பத்தைச் சேர்ந்த எளிய முறை அது. ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த, கடும் மனச்சோர்வு உள்ள சுமார் 500 பேரிடம் சோதித்தார்கள். மூன்று மாதத்தில், பேச்சு வைத்தியம் பெற்றவர்களில் 100-க்கு 64 பேர் தேறினார்கள். பெறாதவர்களில் 39 பேர்தான். முடிவு 2017-ல் "லான்செட்" மருத்துவ இதழில் வெளிவந்தது. சிவகாசிக்கும் திருத்தங்கலுக்கும் இது ஏன் வரக் கூடாது?

இப்போதைக்கு, 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் தமிழிலேயே பேசலாம். காசு கிடையாது. மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய சேவை இது. மாவட்ட மனநலத் திட்டத்து டாக்டர்களையும் பார்க்கலாம்.

அங்கே அந்தப் பெண்ணுக்கு ஒரு பட்டியல் போடுவார்கள். முதல் படி, பக்கத்தில் ஒருவரை வைத்துக் கொண்டு குக்கர் வைப்பது. பிறகு பஸ் நிறுத்தம் வரை நடப்பது. அப்புறம் அந்தப் பஸ்ஸிலே ஏறி இரண்டு நிறுத்தம். கடைசிப் படி, தீபாவளியன்று வாசல் திண்ணையில் உட்காருவது. ஆலை வேலைக்குத் திரும்புவது பட்டியலில் இருந்தே தீர வேண்டும் என்பதில்லை. அதை அவளே முடிவு செய்யலாம்.