வெறும் 16 நிறத்தில் ஒரு காடு... பழைய கேம் ஓவியர்கள் இதைச் சாதித்தது எப்படி?

மொபைலில் கேமைத் திறந்ததும் கண் ஹீரோவைத் தேடும். பின்னால் இருக்கும் மலை, மரம், மேகத்தை உட்கார்ந்து ரசிக்க யாருக்கு நேரம்? ஆனால், ‘இது எந்த ஊர், இப்போ என்ன நேரம், இங்கே பயப்படணுமா’ என்பதையெல்லாம் சத்தமில்லாமல் சொல்லிவிடுவது அந்தப் பின்னணிதான்.

இன்றைய ஓவியரிடம் கோடிக்கும் மேல் நிறங்கள் இருக்கின்றன. 1980-களின் இறுதியில் அமெரிக்காவின் லூகாஸ்ஃபிலிம் கேம்ஸில் பின்னணி வரைந்த மார்க் ஃபெராரியிடம் இருந்தது வெறும் 16. அன்றைய கம்ப்யூட்டர்களின் ‘இஜிஏ’ கிராபிக்ஸில் கேம்களுக்குக் கிடைத்தது அவ்வளவுதான். அந்த 16-ஐ மாற்றவும் முடியாது. கண்ணைக் கூசும் பச்சை, பளிச் மெஜந்தா, ஒரே ஒரு பழுப்பு. திரையோ 320-க்கு 200 பிக்சல். இதை வைத்து அந்தி நேரக் காட்டை வரை என்றால் என்ன செய்வது?

ஃபெராரி அடிப்படையில் கலர் பென்சில் ஓவியர். ஒரு நிறத்தின் மேல் இன்னொன்றை மெல்லிசாகத் தீட்டி, பெட்டியில் இல்லாத நிறத்தைக் கொண்டுவருவது பென்சில்காரர்களுக்குப் பழகிய வேலை. அதையே பிக்சலில் செய்தார். ஒரு நீலப் புள்ளி, பக்கத்தில் ஒரு கறுப்புப் புள்ளி, மறுபடி நீலம்... தள்ளி நின்று பார்த்தால் கண்ணுக்குத் தெரிவது இருண்ட நீலம். செய்தித்தாள் போட்டோவை லென்ஸ் வைத்துப் பார்த்தால் புள்ளிகளாகத் தெரியுமே, கிட்டத்தட்ட அதே கதைதான். இதன் பெயர் ‘டித்தரிங்’. அன்றைய மானிட்டர்கள் புள்ளிகளைக் கொஞ்சம் மங்கலாகக் காட்டியது இதற்கு இன்னும் வசதி. அதே படத்தை இன்றைய துல்லியமான திரையில் பார்த்தால் மணல் தூவியதுபோல இருக்கும்.

படம் அழகாக வந்தது. ஆனால், ‘இது வேண்டாம்’ என்றார்கள். காரணம் ஃப்ளாப்பி.

அப்படி ஒரு முழுத்திரைப் படத்துக்கு 32,000 பைட் வேண்டும். 360 கேபி ஃப்ளாப்பியில் வேறு எதுவுமே போடாவிட்டாலும் 11 படம்தான் பிடிக்கும். அதனால் படத்தைச் சுருக்கியே ஆகணும். ‘இங்கிருந்து 100 பிக்சல் நீலம்’ என்று ஒரே குறிப்பாக எழுதுவதுதான் சுருக்கும் வித்தை. வானம் முழுக்க ஒரே நீலமாக இருந்தால் இது ஜோராக வேலை செய்யும். புள்ளிக்குப் புள்ளி நிறம் மாறினால்? ஒவ்வொரு பிக்சலுக்கும் தனிக் குறிப்பு எழுத வேண்டிவரும். சுருங்க வேண்டிய ஃபைல் சுருங்கவே சுருங்காது.

ஓவியர் விட்டுக்கொடுத்திருந்தால் கேம்களின் வானம் இன்னும் கொஞ்ச காலம் தட்டையாகவே இருந்திருக்கும். ஆனால், படத்தைப் பார்த்த பிறகு மாறியது புரோகிராமர்கள் பக்கம்தான். டித்தரிங் செய்த படங்களையும் சுருக்க வழி கண்டுபிடித்தார்கள். 1990-ல் வந்த ‘லூம்’ கேமின் பின்னணிகள் அப்படி உருவானவை. அதே ஆண்டு வந்த ‘தி சீக்ரெட் ஆஃப் மங்கி ஐலண்ட்’ கேமின் நீல இரவுக் காட்சிகளிலும் இதே புள்ளி வேலையைப் பார்க்கலாம்.

256 நிறங்கள் வந்த பிறகு ஃபெராரி கையில் எடுத்தது இன்னொரு வித்தை: ‘கலர் சைக்ளிங்’. ஒவ்வொரு பிக்சலிலும் இருப்பது நிறம் அல்ல, நிறப் பட்டியலின் ஓர் எண். படத்தைத் தொடாமல், பட்டியலில் உள்ள நிறங்களை மட்டும் வரிசையாகச் சுழற்றினால் போதும். அருவி கொட்டும், மழை பெய்யும். வீடியோ மாதிரி படம் மேல் படமாக வரையத் தேவையில்லை. ஆனால், எந்தத் துளிக்கு எந்த எண் என்று வரையும்போதே யோசித்து வைக்க வேண்டும். கஷ்டமே அங்கேதான்.

2010-ல் ஜோசப் ஹக்கபி என்ற புரோகிராமர் அந்த ஓவியங்களை ‘எச்டிஎம்எல்5’ மூலம் பிரவுசரில் ஓடவைத்தார். 2017-ல் வெளியான ‘திம்பிள்வீட் பார்க்’ கேமுக்காக ஃபெராரி மறுபடி பிக்சல் பின்னணிகளை வரைந்தார். இந்த முறை நிறங்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆனாலும், படம் பழைய கேம் மாதிரியே தெரிய வேண்டும் என்பதற்காகக் கட்டம் கட்டமாகத்தான் வரைந்தார்.